திருகின் கால் சுற்று

அக்கா,

இன்று கிள்ளானில் ஒரு ரேடியோ பழுதுபார்க்கும் கடையைக் கடக்கும்போது ஈயம் உருகும் வாடை வந்தது. கால்கள் நின்றுவிட்டன. "என்னா ஆன்டி, என்னா ரிப்பேர்?" என்றார் கடைக்காரர். ஒன்றுமில்லை என்று நடந்துவிட்டேன்.

நீங்கள் நம் பள்ளியின் இயற்பியல் ஆசிரியை, நான் ஆய்வுக்கூட உதவியாளர். நீங்கள் நகரத்தில், பிரிக்பீல்ட்ஸில் குடியேறிய யாழ்ப்பாணக் குடும்பம். நான் கேரி தீவின் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவரின் மகள். உங்கள் ஆராய்ச்சிக்கு வானொலி நிலையங்களின் தொல்லை குறைந்த இடம் வேண்டும் என்றீர்கள். என் அப்பாதான் தோட்ட மேனேஜரிடம் கெஞ்சி அனுமதி வாங்கினார், லாலாங் புல்லை வெட்டி மூங்கில் நட்டு ஆன்டெனாக் கம்பி கட்டித் தந்தார்.

முதல் விண்மீன்கள் எரியத் தொடங்கிய காலத்து ஹைட்ரஜன், அன்றைய ஆதி ஒளியில் ஒரு துளியை விழுங்கியிருக்கும்; அந்தத் தடத்தின் அலை நீண்டு நீண்டு இன்று நம் எஃப்.எம். வானொலிக்குப் பக்கத்து அலைவரிசையில் ஒரு சின்னப் பள்ளமாகக் கிடக்கும் என்பீர்கள். அதைத் தேடித்தான் சனிக்கிழமைக் காலைகளில், நாமே ஈயம் உருக்கிச் சேர்த்த ஒரு ரிசீவரில் வானத்தின் இரைச்சலை அளந்தோம்.

ஒருநாள் தலைமையாசிரியை பார்க்க வந்தார். என்னைக் காட்டி, "எஸ்டேட் பிள்ளை. வயர் பிடிக்க வாறவள். இதெல்லாம் அவளுக்கு விளங்காது" என்று சிரித்தீர்கள். பக்கத்தில் இளநீர் சீவிக்கொண்டிருந்த அப்பாவின் கத்தி ஒரு நொடி நின்று, பிறகு மறுபடி சீவியது.

அடுத்த சனிக்கிழமை உங்களுக்கு முன்பே போய் ரிசீவரின் மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு திருகைக் கால் சுற்றுத் திருப்பினேன். அப்படித் திருப்பினால், நீங்கள் தேடிய அந்த ஒரேயொரு அலைவரிசையில் மட்டும் இரைச்சல் சற்றுக் குறையும். அது இந்த விளங்காத பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.

வரைதாளில் பள்ளம் விழுந்தது. மூன்று வாரமும் அதே இடத்தில். மூன்றாம் முறை என்னைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள். "கட்டுரையில ரெண்டு பேர்ர பேரும் போடுவமடி. நீ இல்லாட்டி இது இல்லை."

அப்போது சொல்லியிருக்கலாம். "சரிக்கா" என்றேன். நீங்கள் விழுவதைப் பார்க்கும் ஆசை அன்றும் தீரவில்லை.

வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவருக்குக் கடிதம் போனது. நான்கு வரியில் பதில் வந்தது: வேறு ரிசீவரை மாட்டிப் பாருங்கள். பெட்டாலிங் ஜெயாவில் ஒருவரிடம் இரவல் வாங்கி மாட்டினீர்கள். பள்ளம் இல்லை.

"என்னா டீச்சர், உலகம் பொறந்த சத்தம் கேட்டுச்சா லா?" என்றார் கணக்கு வாத்தியார். ஆசிரியர் அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். நீங்கள் எழுந்து, "பிழை என்ர. அவள் நான் சொன்னதைத்தான் செய்தவள். அவளை ஒண்டும் சொல்லாதேங்கோ" என்றீர்கள்.

அதன்பின் நீங்கள் தீவுக்கு வரவேயில்லை. கரும்பலகையில் எழுதிய எளிய கணக்கைக்கூட மூன்று முறை சரிபார்த்தீர்கள். மாணவர்கள் உங்களைப்போல் நடித்துக் காட்டினார்கள்.

கடைசியில் நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, உண்மையைச் சொல்லிவிடத்தான் வந்தேன். "எங்க பிழை விட்டனெண்டு இண்டைக்கும் தெரியேல்லையடி" என்றீர்கள். உங்கள் கை என் கைக்குள் இருந்தது. "விடுங்கக்கா, அது பழைய ரேடியோ செட்டு" என்றேன். இரண்டு நாளில் போய்விட்டீர்கள்.

முப்பத்தோராம் நாள் காரியச் சாப்பாட்டில் உங்கள் தங்கை என் அருகில் வந்து மெல்லக் கேட்டார்: "அந்த ஆராய்ச்சியில அக்காவுக்கு என்னதான் நடந்தது?"

"அக்கா எங்கேயோ தப்பு பண்ணிட்டாங்க" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு என் இலையில் இன்னொரு வடை வைத்தார். நான் சாப்பிட்டேன், அக்கா. இன்றைக்கு யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.