வெயிலில் காயப்போட்டும் தீராத வயிற்றுநோவு

கண்டி,
ஐப்பசி மாதம், மழை சற்று விட்ட செவ்வாய்க்கிழமை.

ரங்கூனில் இருக்கும் என் அருமை மகள் பெற்றீசியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அந்தோனியார் புண்ணியத்தில் இங்கே அப்பா சுகம், ஆடு சுகம், கூரை ஒழுகினாலும் வீடு சுகம், நான் பாதி சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன் என்று எப்போதும் எழுதுவேன், இந்தத் தடவை உன் கடிதத்தைப் படித்த பிறகு அப்படிச் சும்மா எழுதிவிட்டுப் போகக் கை வரவில்லை. சாப்பிட்டால் வயிறு மத்தளமாகிறது, முட்டி கணுக்கால் எல்லாம் நோகிறது, ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் அரைநாள் படுக்க வேண்டியிருக்கிறது, ஒருநாள் முழுக்கக் கொல்லைப்பக்கமே குடித்தனம், மறுநாள் ஒன்றுமே இல்லை என்று எழுதியிருக்கிறாய். உன் மாமியார் இதெல்லாம் வேலைக்குப் பயந்து செய்கிற நடிப்பு என்கிறாராம், மாப்பிள்ளை மீசையைத் தடவுகிறாராம். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். கடைசியில் எழுதினாயே, அவங்க சொல்றதைக் கேட்டுக் கேட்டு நான் நடிக்கிறேனோன்னு எனக்கே சந்தேகமா இருக்கும்மா என்று, அதை வாசித்ததும் வந்த கோபத்தில் கையிலிருந்த அகப்பையை ஆட்டின் மேல் எறிந்துவிட்டேன். பாவம், அது ஒன்றும் அறியாது.

மகளே, இந்த உடம்பு வருத்தம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று நீ ஊரெல்லாம் தேட வேண்டாம், என்னிடமிருந்துதான் வந்திருக்கும், மூக்கும் என்னிடமிருந்துதானே வந்தது. நீ கப்பலேறிய மறு வருஷமே எனக்கும் இதே கூத்து தொடங்கிவிட்டது, நீ வீணாகக் கவலைப்படுவாய் என்று கடிதங்களில் வயிறு கொஞ்சம் சரியில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டேன். இப்போது முழுதும் எழுதுகிறேன், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துக்கொள், ஆனால் கடைசிவரை படி.

முதலில் பொன்னையா வைத்தியர் வந்தார், ஹேவாஹெட்டத் தோட்டங்களுக்கெல்லாம் போய்வருகிறவர். என் கையைப் பிடித்து நாடி பார்க்கக் கண்ணை மூடியவர் திறக்கவே இல்லை, தூங்கிவிட்டார் என்று நினைத்து அப்பா தட்டி எழுப்பினார். அந்தக் கோபத்திலேயே வாயு என்று சொல்லிச் சூரணம் தந்து, புளி, பருப்பு, கிழங்கு, வாழைக்காய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். குறையவில்லை. அப்புறம் பிலிமத்தலாவையில் சிங்கள வைத்தியர், வெதமாத்தையாவிடம் போனோம். அவர் நாடியைத் தொடக்கூட இல்லை, நான் வண்டியிலிருந்து இறங்குகிறதைப் பார்த்தே உடம்பில் சூடு ஏறியிருக்கிறது என்று பூச எண்ணெய் தந்தார், மிளகாயும் மீனும் முட்டையும் தேங்காய்ப்பாலும் போயின. அதற்கும் குறையாமல் ஒரு துரை டாக்டரிடம் போனோம். நாக்கை நீட்டச் சொன்னார், நீட்டினேன், பெண்களுக்கு வருகிற மனக்கவலைதான் இது என்றார். எனக்கிருக்கும் ஒரே மனக்கவலை இந்த வயிற்றுநோவுதான் என்று சொன்னேன், மொழிபெயர்க்க நின்றவர் அதில் பாதியை விழுங்கிவிட்டார். டாக்டர் விளக்கெண்ணெய் தந்து, சோறு பாரமான சாப்பாடு, அதை விடச் சொல்லி அனுப்பினார். அந்த நாட்களில்தான் கோப்பி இலையில் மஞ்சள் பொட்டு விழுகிறது என்று கண்டி முழுக்க ஒரே பேச்சு. அப்பா வேலை செய்யும் கோப்பி ஸ்டோருக்கு ஒரு துரை பெரிய கண்ணாடியோடு வந்து ஒரே ஒரு இலையை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து ஐயோ பாவம் என்றாராம். இலை வாய் திறக்கவில்லை, அதற்கு நோய் என்று எல்லாரும் நம்பினார்கள். நான் வாய் ஓயாமல் சொல்லியும் நம்ப ஒருவரும் இல்லை.

உன் அப்பா நம்பினார், அதைச் சொல்ல வேண்டும், ஆனால் அவர் செய்த வைத்தியத்தையும் சொல்ல வேண்டும். கெலிஓயா ஸ்டோரில் கோப்பி காயப்போடும் களத்துக்கு அவர்தானே மேற்பார்வை, அவரைப் பொறுத்தவரை உலகத்தில் எதையும் வெயிலில் பரப்பிப் புரட்டிவிட்டால் சரியாகிவிடும். ஒருநாள் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்க் களத்தின் ஓரத்தில் பாய் விரித்துப் படுக்கவைத்தார். இந்தப் பக்கம் கோப்பி, அந்தப் பக்கம் நான். பலகையால் கோப்பியைக் கிளறிக்கொண்டு வந்த பெண்கள் என் பக்கம் வந்ததும், ஐயா, இதையும் பெரட்டிப் போடணுமா என்று கேட்டுச் சிரித்தார்கள். அப்பாவும் சளைக்காமல், ஆமா, முதுகுப் பக்கம் இன்னும் காயல என்றார். வெயில் இதமாகத்தான் இருந்தது, கொஞ்சம் கண்கூட அசந்துவிட்டேன். அதற்குள் ஹந்தானை மலைப் பக்கமிருந்து கருமேகம் வந்துவிட்டது. மழை வந்தால் மணி அடிப்பார்கள், மணி அடித்தால் எல்லாரும் ஓடிவந்து கோப்பியை அள்ளிக்கொண்டு உள்ளே போக வேண்டும், அதுதானே அங்கே சட்டம். அடித்தார்கள், ஓடினார்கள், அள்ளினார்கள், கடைசிக் கொட்டை வரைக்கும் உள்ளே போய்விட்டது. நான் மட்டும் பாயோடு நனைந்துகொண்டிருந்தேன். உன் அப்பா இரண்டு கூடை கோப்பியைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டியே ஓடினார் மகளே. உள்ளே போய் எல்லாம் வந்துவிட்டதா என்று பார்த்தபிறகுதான் ஏதோ ஒன்று குறைகிறது என்று அவருக்குத் தோன்றியதாம். இதைச் சொல்லியே இன்றுவரைக்கும் அவரிடம் காரியம் சாதித்துக்கொள்கிறேன்.

இத்தனை பேரும் தடுத்தது போக எனக்கு மிஞ்சியது, நீங்கள் அங்கே ரொட்டி என்கிற பாண் ஒன்றுதான். மூன்று வைத்தியரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை, ஆனால் பாண் இலேசானது, நோயாளிக்குப் பாண் கொடுங்கள் என்பதில் மட்டும் மூவருக்கும் ஒரே வாய். போதாததற்கு நம் ஊர் வழக்கமும் உனக்குத் தெரியும், வருத்தக்காரரைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு போகமாட்டார்கள், ஒரு றாத்தல் பாணைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் போவார்கள். கோயிலால் வந்தவர்கள் பாண், ஸ்டோரால் வந்தவர்கள் பாண், அந்தோனிமுத்து உபதேசியார் செபமாலையும் பாணுமாக வந்தார். நானும் அத்தனை பேரின் அன்பையும் வீணாக்காமல் பாலில் தோய்த்துத் தின்றேன். மிச்சத்தைத் தின்ற ஆடு கொழுத்தது, நான் மெலிந்தேன்.

இந்த வைகாசி மழையில் கடுகண்ணாவைப் பக்கம் மண் சரிந்து ரயில் நின்றுபோயிற்று. கொழும்பிலிருந்து கோதுமை மா வரவில்லை, நம் தெருவில் மக்கீன் நானாவின் பாண் சுடும் போறணை ஆறிப்போய் அதற்குள் பூனை குட்டி போட்டுவிட்டது. பாணும் இல்லை என்றால் நான் என்ன செய்வேன், சாகிறதென்றால் ருசியாகத் தின்றுவிட்டே சாகலாம் என்று எல்லாப் பத்தியத்தையும் முறித்துச் சோறும் கருவாட்டுக் குழம்பும் தேங்காய்ச் சம்பலும் ஒரு பிடி பிடித்தேன். உபதேசியாரைக் கூப்பிட ஆள்கூடத் தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வயிறு சத்தமே போடவில்லை. அடுத்தடுத்த நாட்களில் எழுந்து நடந்தேன், கூட்டினேன், அப்பாவுடன் சண்டை போடக்கூடத் தெம்பு வந்துவிட்டது. உடனே பொன்னையா வைத்தியர் தன் சூரணம் வேலை செய்கிறது என்றார், வெதமாத்தையா தன் எண்ணெய்தான் என்று சொல்லியனுப்பினார், அப்பா பழைய வெயில் இப்போதுதான் உள்ளே இறங்குகிறது என்றார். ரயில் ஓடத் தொடங்கியதும் மக்கீன் நானா போறணையில் முதலில் வெந்த பாணைச் சுடச்சுடக் கொண்டுவந்து, இது உங்களுக்குத்தான் அக்கா என்று தந்தார். பட்டர் பூசி முழுதும் தின்றேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு மரவட்டை மாதிரிச் சுருண்டுவிட்டேன். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நம்ப மனமில்லாமல் தேறியபின் மறுபடி தின்று பார்த்தேன், மறுபடி சுருண்டேன்.

இதை வெளியே சொன்னதுதான் தாமதம், தெருவே இரண்டுபட்டுவிட்டது. மக்கீன் நானா தன் பாணுக்கு அவமானம் என்று நேரே நம் வீட்டுக்கு வந்து, கதிரையில் உட்கார்ந்து, ஒரு முழுப் பாணை என் கண்ணெதிரே தின்று காட்டி, எனக்கு என்ன ஆச்சு பாருங்க என்றார். விக்கல்தான் ஆயிற்று. அவருடைய தாய் ஆஸியா உம்மா வந்து, ஒனக்கு ஒத்துக்கிறது அவக்கு ஒத்துக்கணுமா மகன், ஒங்க வாப்பா இறால் தின்னா மூஞ்சி பலாப்பழமாப் போகும், மறந்திட்டியா என்று திட்டி இழுத்துக்கொண்டு போனா. அன்றிலிருந்து எனக்கென்று அரிசிமா இடியப்பம் அனுப்புவதும் அவதான். துரை டாக்டர் கேட்டுச் சிரித்தார், சீமையில் எல்லாரும் அதைத்தானே தின்கிறோம் என்றார். அப்படியானால் என் பங்கையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். நற்கருணை அப்பமும் கோதுமைதான், அதை எப்படி விடுவது என்று கோயில் சுவாமியிடம் கேட்டேன், அவர் நகக்கண் அளவு கிள்ளித் தருகிறார்.

முழுதும் சுகமாகிவிட்டது என்று உனக்குப் பொய் எழுதமாட்டேன். முட்டிநோவு இன்னும் வந்து போகிறது, சில நாட்களில் தலைசீவக்கூட முடியாமல் படுத்திருக்கிறேன், இதற்குப் பெயர் என்ன என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்பதை விடவில்லை. ஆனாலும் நீ ரொட்டியை நிறுத்திப் பார். உன் மாமியார் எவ்வளவு திட்டினாலும் காலையும் மாலையும் தன் கையாலேயே பாலும் ரொட்டியும் தருகிறார் என்று எழுதியிருந்தாய், அவர் கெட்டவர் இல்லை, நம் ஊர்க்காரர்களைப் போலத்தான். அவரோடு வாதாடாதே. என் மகள் ஒரு வருஷம் கோதுமை தொடமாட்டாள் என்று அந்தோனியாருக்கு நேற்று நேர்ந்துவிட்டேன், மெழுகுதிரியும் கொளுத்தியாயிற்று, அதைச் சொல். எந்த மாமியாரும் மருமகளை முறிப்பார், அந்தோனியாருக்கு வைத்த நேர்ச்சையை முறிக்கமாட்டார். மாப்பிள்ளைக்கு அரிசி ஆலையில்தானே வேலை, அரிசிக்குப் பஞ்சமில்லை. ரொட்டி குற்றவாளி இல்லையென்றால் வேறொன்றை நிறுத்திப் பார், ஒவ்வொன்றாக, என்னைப்போல எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தாதே.

இனி அந்த நடிப்பு விஷயம். பெற்றீசியா, உனக்கு நடிக்க வராது. உன்னைப் பெற்ற எனக்குத் தெரியாதா. சின்ன வயதில் யேசு பிறந்த நத்தார்க் கூத்தில் ஏரோது ராஜாவின் சேவகர்கள் வெட்டிக் கொன்ற பிள்ளைகளில் ஒருத்தியாக உன்னைப் படுக்கவைத்தார்கள், செத்துக் கிடப்பதைத் தவிர உனக்கு வேறு வேலையே இல்லை. தாய்மார் ஒப்பாரி வைக்கும்போது நீ எழுந்து உட்கார்ந்து, அம்மா, எறும்பு கடிக்குது என்று கத்தினாய். கோயில் முற்றமே சிரித்தது, ஏரோது ராஜாவும் சிரித்தார், எனக்கு மானம் போயிற்று. ஆனால் எழுந்து வந்து உன் காலைப் பார்த்தேன், எறும்பு கடித்துத்தான் இருந்தது. இப்போதும் நோகிறது என்றால் நோகிறது. யார் என்ன சொன்னாலும், நீயே உன்னைச் சந்தேகப்பட்டாலும், நான் சந்தேகப்படமாட்டேன்.

மாதா தன் மேலங்கியால் உன்னை மூடிக் காக்கட்டும், உன் வயிற்றுக்கு அமைதியும் உன் காலுக்குத் தெம்பும் தரட்டும். மாப்பிள்ளைக்கும் சம்பந்தியம்மாவுக்கும் எங்கள் தோத்திரம். மறக்காமல் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, நோகிற நாளில் கூச்சப்படாமல் படு.

உன் வயிற்றுநோவை நம்புகிற அம்மா,
மதலேனம்மா சுவக்கின்