இறங்கிய சாரம்

ஆவணி 9, வெள்ளி

வாய்க்காலில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று பார்க்க இன்று பஞ்சாயத்துத் தலைவர் வந்தாள். தலைவர் என்ன தலைவர், என்னோடு ஒரே வயலில் நாற்று நட்ட பேச்சியம்மாள்தான். அவளைக் கண்டதும் என் வீட்டுக்காரர் முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய லுங்கிச் சாரத்தைப் படக்கென்று இறக்கிவிட்டு, "வாங்கம்மா, இருங்க" என்றார். எனக்காக அந்தச் சாரம் ஒரு நாளும் இறங்கியதில்லை. வயிறு எரிந்தது.

அவள் போனதும், "ஒங்க முழங்கால மூடணும்னா நானும் எலெக்சன்ல நிக்கணும் போலுக்கே" என்று கிண்டல் செய்தேன்.

"நீ நின்னா ஊரே சிரிக்கும்ட்டி. போய்ச் சோத்தப் போடு."

வழக்கம்போல நானும் சிரித்துத் தொலைத்தேன். இப்போது நினைத்தால் ஆத்திரமாக வருகிறது.

வார்டு மெம்பருக்கு நிற்க என்ன செய்ய வேண்டும் என்று நாளைக்குப் பேச்சியிடமே கேட்கப் போகிறேன். அவளிடம் போய்க் கேட்பதுதான் கசக்கிறது. ஆனாலும் கேட்பேன்.