முதல் வீச்சு அப்பாவுடையது

பெர்த்ஷயர், ஸ்காட்லாந்து
பிப்ரவரி 6

அன்பு மகள் மொராகுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. கனடாவில் நீயும் குழந்தைகளும் சுகம்தானே? இங்கே ஆறு இரண்டு தடவை தோட்டம் வரை வந்து போனது, நல்லவேளை கோழிக்கூடு தப்பித்தது.

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் மீன்பிடிப் பருவம் தொடங்கி ஆறு திறக்கும் நாளில் முதல் தூண்டில் வீசும் மரியாதை இந்த வருடம் அப்பாவுக்கு என்று தூண்டில்காரர் சங்கத்தில் சொல்லியிருந்தார்கள் அல்லவா, சால்மன் பிடிக்க வந்தவர்களுக்கெல்லாம் நாற்பத்தோரு வருடம் படகு ஓட்டிய மனிதர், அவருக்கு இல்லாமல் வேறு யாருக்கு? அந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னால் சங்கத் தலைவர் ஃபோர்ப்ஸ் கொல்லைப்பக்கமாக வருகிறார், வாசல் வழியே வர முகமில்லை. "வாட்டி, தப்பா எடுத்துக்காதப்பா, பெரிய பங்களாவை வாங்கின லண்டன்காரரு ஆசைப்படறாரு, அவரே வீசட்டும், நீ விஸ்கி ஊத்தினா போதும்" என்று அப்பாவிடம் சொன்னார். உன் அப்பாவோ "சரி, அப்படியே ஆகட்டும்" என்கிறார். உன்னிடம் போனில் அழுதால் நீயும் "விடும்மா, ஒரு வீச்சுதானே" என்றாய். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

அன்றைக்கு பைப் வாத்தியம் முன்னே போக ஊரே கரைக்கு வந்தது. விலைச்சீட்டு கூடக் கிழிக்காத பூட்ஸோடு லண்டன்காரர். விஸ்கியை ஆற்றில் ஊற்றினால்தானே ஆறு திறந்ததாக அர்த்தம்? அப்பா கோப்பையை உயர்த்தினார், ஆற்றைப் பார்த்தார், ஃபோர்ப்ஸைப் பார்த்தார், ஒரே மடக்கில் தானே குடித்துவிட்டார்! "நல்ல சரக்குப்பா" என்று காலிக் கோப்பையை ஃபோர்ப்ஸ் கையில் கொடுத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். வாத்தியக்காரர் ஊதவில்லை. லண்டன்காரர் வீசியது கரையோர மரத்தில் போய்ச் சிக்கியது, ஒருவர்கூடக் கைதட்டவில்லை. மூன்று வாரமாக நம் பக்கம் ஒரு மீன் இல்லை, "ஆத்தைத் தொறக்காம விட்டா எப்படி வரும்" என்று ரொட்டிக் கடையில் ஒரே பேச்சு. முந்தாநாள் ஃபோர்ப்ஸ் மறுபடி வந்தார், இந்தத் தடவை வாசல் வழியாக. "சனிக்கிழமை நீயே ஊத்து, நீயே வீசுப்பா" என்று கெஞ்சினார். கால் மணி நேரம் மழையில் நிற்க வைத்துத்தான் உள்ளே விட்டேன். அப்பா அதற்கும் "சரி" என்றார்.

நேற்று அவர் கோட்டில் கிழிந்த பையைத் தைக்க எடுத்தேன். உள்ளே புகையிலை டப்பி, அதற்குள் ஒன்பது வயதில் நீ உன் பள்ளிக்கூட ஸ்கார்ஃபிலிருந்து பச்சை நூலை உருவித் தூண்டில் முள்ளில் கோணலாகச் சுற்றிக் கட்டினாயே, மீனை ஏமாற்றும் அந்தப் பொய் ஈ. அதைத்தான் அன்றைக்கு வீச இருந்தார், என்னிடம்கூடச் சொல்லவில்லை. டப்பியை அப்படியே திருப்பி வைத்துவிட்டேன்.

கர்த்தர் உங்களைக் காக்கட்டும், குழந்தைகளுக்கு என் முத்தம். சனிக்கிழமை அவர் கரைக்குக் கிளம்புமுன் போன் செய். ஒரு வீச்சுதானே என்று மட்டும் இனி சொல்லாதே.

கோபம் தீராத,
உன் அம்மா எல்ஸ்பெத்