ஆறாம் மணிக்காரனும் நானும்

பிப்ரவரி 9, ஞாயிறு

மறுபடியும் கவிழ்த்துவிட்டேன். தேவாலயக் கோபுரத்தில் எட்டு வெண்கல மணிகள், ஆளுக்கு ஒரு கயிறாக எட்டுப் பேர். மணிகள் ஒலிக்கும் வரிசை மாறிக்கொண்டே போகும்; ஒருமுறை ஒலித்த வரிசை மறுபடி வரக் கூடாது, தாளைப் பார்க்கவும் கூடாது. என் கயிற்றை இழுத்தபடியே யார் எப்போது இடம் மாற வேண்டும் என்று மற்றவர்களுக்கு நான்தான் குரல் கொடுக்க வேண்டும். இருபதாவது நிமிடத்தில் பப்பில் என்ன குடிக்கலாம் என்று ஒரு நினைப்பு. அவ்வளவுதான், அடுத்த அழைப்பு போயே போய்விட்டது. ஒரு சுற்றுக்கு ஆயிரத்து இருநூற்று அறுபது வரிசை; நான் தலைமை ஏற்ற இரண்டு வருடமாக ஒரு சுற்றைக்கூட முடித்த பாடில்லை.

"ஊரே கேட்டுது ஹிலரி. பாத்திரம் உருண்ட மாதிரி இருந்துச்சு" என்றான் ஆறாம் மணிக்காரன் டென்சில். மே கடைசிக்குள் ஒரு சுற்றை முடிக்காவிட்டால் தலைமை அவனுக்காம்.

பிறகு வழக்கம்போல் எல்லாரும் பப்புக்கு. மூன்று குவளை பியர், ஆறு சிகரெட்.

பிப்ரவரி 20

பல்கலைக்கழக ஆய்வுக்கு மூளையைப் படமெடுக்கக் கொடுத்தேன். புகைப்பவர்களும் குடிப்பவர்களும் வேண்டுமாம். நான் இரண்டும்!

"பகல் கனவு காணுற பகுதிங்க ஒரு கூட்டம், கவனமா வேலை செய்யுறது இன்னொரு கூட்டம். இது பேசுனா அது அடங்கணும்" என்றார் டாக்டர் பெத்தன். "உங்க தலையில ரெண்டும் சேர்ந்தே பேசுது. குடி, புகை உள்ளவங்ககிட்ட இப்படிப் பாக்குறோம். உங்களுக்கு அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்."

ஒரே நேரத்தில் இரண்டு மணி மோதி ஒலிக்கிற மாதிரி. இதை எனக்கா விளக்க வேண்டும்?

மார்ச் 1

சிகரெட்டை விட்டாயிற்று. பியர் — பெத்தன் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறேன்.

மார்ச் 4

எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். பூனை மேல்கூட.

ஏப்ரல் 13

பப்பில் இஞ்சிப் பானம் கேட்டேன். "என்ன, மெதடிஸ்ட் சபையில சேர்ந்துட்டியா? அவங்கதான் ஒரு சொட்டு தொட மாட்டாங்க" என்று டென்சில் கத்த, ஒரே சிரிப்பு. கழிப்பறையில் போய் அழுதேன். ஏன்டி உனக்கு இந்த வீம்பு? ஒரு வாய் குடிச்சா என்ன குடி முழுகிடும்? — குடிக்கவில்லை.

மே 18, ஞாயிறு

முடித்தேன்! நாற்பத்தேழு நிமிடம், ஆயிரத்து இருநூற்று அறுபது வரிசை.

முப்பதாவது நிமிடத்தில் பியர் நினைப்பு வந்தது. வந்த வழியே போனது. அடுத்த நிமிடம் தடுமாறியது யார் என்று நினைக்கிறாய்? டென்சில்! மதியம் இரண்டு குவளை ஏற்றிவிட்டு வந்திருந்தான். "டென்சில், நாலாம் இடம்!" என்று கத்தினேன். கை தானாகத் திரும்பியது அவனுக்கு. என் கயிறு ஒரு இடம்கூடத் தப்பவில்லை. எப்பேர்ப்பட்ட நாள்!

மே 20

காலையில் டென்சில் போன் செய்தான். மழையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினான். வைக்கும் முன் தொண்டையைச் செருமினான்.

"அந்த ஆய்வுக்கு இன்னும் ஆள் எடுக்குறாங்களா?"