ஓட்டம் முடிந்தபின் மாறிய கணக்கு

ஆச்சி,

இன்று மத்தியானம் ஆசிரியர் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தேன். புதிதாக வந்திருக்கும் கணக்கு டீச்சர் ஆசியப் போட்டியின் பதக்கப் பட்டியலைக் கைப்பேசியில் காட்டிக்கொண்டிருந்தாள். பட்டியலுக்கு மேலே 'மொத்தம்' என்றிருந்த இடத்தைக் கட்டைவிரலால் தொட்டாள். மேலே இருந்த ஒரு நாடு சரசரவென்று கீழே இறங்கியது, கீழே கிடந்த இன்னொன்று மேலே ஏறியது. 'தங்கம்' என்ற இடத்தைத் தொட்டாள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. "நல்லாருக்குல்லக்கா? நமக்கு எது தோதோ அதை வச்சுப் பாத்துக்கலாம்" என்று சிரித்தாள்.

பாவம், அவள் என்ன கண்டாள்? பாதிச் சோற்றோடு டப்பாவை மூடிவிட்டுக் கைகழுவ எழுந்து போய்விட்டேன். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. இன்னும் வயிறு எரிகிறது என்று சொன்னால் மற்றவர்கள் நம்பமாட்டார்கள். நீங்கள் நம்புவீர்கள். என் குணம் உங்களுக்குத் தெரியாததா?

கல்லூரியில் தொடர் ஓட்டத்தில் நான் மூன்றாவது ஆள், நீங்கள் நான்காவது. கானாடுகாத்தானில் அத்தனை பெரிய வீட்டுப் பெண் எங்களோடு புழுதியில் ஓடுவதைப் பார்க்கவே மைதானத்துச் சுவரோரம் கூட்டம் நிற்கும். எங்கள் பக்கம் செட்டிவீட்டுப் பெண்களைக் கூப்பிடுவதுபோல, அப்போதிருந்தே எனக்கு நீங்கள் ஆச்சிதான். பின்னால் நான் புதுவயலில் விளையாட்டு டீச்சர் ஆனேன். நீங்கள் பெரிய வீட்டைப் பூட்டிவிட்டுக் காரைக்குடியில் சின்ன மாடிவீட்டுக்கு வந்து, பெண்பிள்ளைகளுக்கான விளையாட்டுக் குழுவைத் தொடங்கிச் செயலாளர் ஆனீர்கள். நம் சிநேகிதம் விட்டுப்போகவில்லை. ஒலிம்பிக் வந்தாலும் ஆசியப் போட்டி வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை நான் உங்கள் மாடியில்தான். டிவி ஒரு பக்கம் ஓடும், நம் சண்டை ஒரு பக்கம் ஓடும்.

எப்போதும் ஒரே சண்டைதான். எந்த நாடு முதலிடம்? தங்கத்தை வைத்து எண்ணுவதா, மொத்தப் பதக்கத்தை வைத்து எண்ணுவதா?

"மொதல்ல தங்கம். தங்கம் சமமாப் போச்சுன்னா வெள்ளி. அதுவும் சமம்னா வெண்கலம். ஒலகமே இப்படித்தான்டி எண்ணுது. அமெரிக்காக்காரன்தான் மொத்தத்த வச்சு எழுதுவான்" என்பீர்கள்.

நான் விடமாட்டேன். "ரெண்டாவதா வந்த பிள்ளை நடந்தா வந்துச்சு ஆச்சி? அதும் ஓடித்தானே வந்துச்சு? எங்க ஊருல கோயிலுக்கு வரி போட்டா ஒரு குடும்பம் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு இம்புட்டுன்னு ஒரே வரிதான். மச்சுவீட்டுக்காரனும் ஒரு தலைக்கட்டு, கூரைவீட்டுக்காரனும் ஒரு தலைக்கட்டு. பதக்கமும் அப்படித்தான். தங்கமும் ஒரு தலைக்கட்டு, வெண்கலமும் ஒரு தலைக்கட்டு."

நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். "அடி போடி, தலைக்கட்டுக் கணக்குப் போட்டா ஒலகத்துல எவளும் வேகமா ஓட மாட்டா."

போன ஒலிம்பிக்கில் பக்கத்து நாட்டுக்காரன் ஈட்டி எறிந்து ஒரே ஒரு தங்கம் வாங்கினான். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு அவன் நாடு நம்முடைய ஆறு பதக்கத்துக்கும் மேலே போய் உட்கார்ந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அன்றைக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள், நினைவிருக்கிறதா? எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "விதின்னு ஒண்ண வச்சாச்சுன்னா அழுதாலும் அதான். நமக்குத் தோதா இல்லைன்னு நடுவுல மாத்துனா அது போட்டியா, சந்தைக்கடையா?" என்றீர்கள். ஆச்சி சொன்னால் அதில் ஒரு நேர்மை இருக்கும் என்று அன்றுவரை நினைத்திருந்தேன்.

அடுத்த தை மாதம் உங்கள் குழு நடத்திய போட்டி வந்தது. ஊர் ஊராகப் பெண்பிள்ளைகள் அணி அணியாக வருவார்கள், முதலிடம் பெற்ற அணிக்குச் சுழற்கேடயம். தங்கத்தை முதலில் எண்ணும் விதியை நீங்களே வகுத்து, நீங்களே வருஷா வருஷம் நடத்திவந்தீர்கள். எனக்கு அது பிடிக்காது என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் ஆட்டத்துக்கு வந்தால் ஆட்டத்தின் விதிக்குக் கட்டுப்பட வேண்டும் இல்லையா?

எங்கள் பள்ளிக்கு மைதானம் கிடையாது. பிள்ளைகள் அரிசி ஆலையில் நெல் காயப்போடும் சிமெண்டுக் களத்தில்தான் ஓடினார்கள். விடிந்தும் விடியாமலும் ஓடி முடித்து, களத்தைக் கூட்டிக் கொடுத்துவிட்டு வரவேண்டும். அதன்பிறகுதான் அவித்த நெல்லைக் கொட்டுவார்கள். ஆலை முதலாளி அந்த வருஷம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவ கேடயம் வரட்டும் டீச்சர், களத்த ஒட்டி இருக்குற எடத்த மட்டம்பண்ணித் தாறேன். வரலைன்னா என்னைய விட்ருங்க. நெல்லு காயணும்ல."

இதை உங்களிடம் வந்து சொன்னேன். "கவலப்படாத. அஞ்சு பிள்ளைய நல்லாத் தேத்து, தங்கத்த அடி. கேடயம் தன்னால வரும்" என்று நீங்கள்தான் வழி சொன்னீர்கள்.

அப்படியே செய்தேன். இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வரக்கூடிய பிள்ளைகள் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களையெல்லாம் கைதட்ட உட்காரவைத்துவிட்டு, அந்த ஐந்து பேரையே விரட்டி விரட்டிப் பழக்கினேன். அதில் செல்வராணி ஒருத்தி. அதே ஆலையில் மூட்டை தூக்குகிறவரின் மகள். நூறு மீட்டரில் அவள் காலைப் பார்த்தால் தரையில் படுகிறதா என்று சந்தேகம் வரும்.

போட்டி நாளன்று எங்களுக்கு ஐந்து தங்கம். செல்வராணிக்கு மட்டும் இரண்டு. எங்களுக்கு அடுத்து நின்ற அணிக்கு மூன்றே தங்கம்தான், ஆனால் வெள்ளியும் வெண்கலமுமாக ஒரு டஜன் வைத்திருந்தார்கள். போட்டி நடந்த மைதானம் அவர்கள் பள்ளியுடையது. கடைசி ஓட்டம் முடிந்ததும் அந்தப் பள்ளியின் தாளாளர் உங்களைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனியே அழைத்துப் போனதைப் பார்த்தேன். நன்றி சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வெகுளி!

பிறகு நடுவர்கள், டீச்சர்கள், பிள்ளைகள் எல்லாரும் பந்தலில் கூடினோம். எங்கள் பிள்ளைகள் கேடயம் வாங்கத் தலைகூடச் சீவிக்கொண்டு நின்றார்கள். நீங்கள் மைக்கை வாங்கினீர்கள்.

"இந்த வருசத்துலருந்து மொத்தப் பதக்கத்த வச்சுத்தான் எடம்" என்றீர்கள். பந்தலில் சலசலப்பு. கையைத் தூக்கி அதை அடக்கிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னீர்கள்: "இது என் யோசன இல்ல. இங்க ஒக்காந்திருக்காளே, புதுவயல் டீச்சர், அவ யோசன. இம்புட்டு வருசமா எங்கிட்ட மல்லுக்கு நிக்கிறா. தங்கமும் ஒரு தலைக்கட்டு, வெண்கலமும் ஒரு தலைக்கட்டாம். சரி, இன்னைக்கு அவகிட்ட தோத்துட்டேன்."

ஊரே கைதட்டியது. "டீச்சரே சொன்னா அப்புறமென்ன?" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். நான் எழுந்து நின்றேன் ஆச்சி. எழுந்து நின்று என்ன சொல்வது? 'இல்லை, தங்கம்தான் ஒசத்தி, மூணாவது வந்தவ கணக்குல வரமாட்டா' என்று என் வாயாலேயே, அத்தனை பிள்ளைகள் முன்னாலும் சொல்வதா? சொல்லமுடியாது என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தீர்கள். உங்கள் மாடியில் தேன்குழலை நொறுக்கிக்கொண்டு, சிநேகிதிதானே என்று மனசைத் திறந்து பேசிய பேச்சை எடுத்துவந்து என் கழுத்துக்கே சுருக்காகப் போட்டீர்கள். கூட இருந்தே குழி பறிப்பது என்பார்களே, அதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். நான் உட்கார்ந்துவிட்டேன்.

கேடயத்தை மைதானத்துப் பள்ளிக்கே கொடுத்தார்கள்; நாங்கள் வெறுங்கையோடு வேனில் திரும்பினோம். கைதட்ட மட்டும் வந்திருந்த ஒரு பிள்ளை திடீரென்று கேட்டது: "டீச்சர், மொத்தக் கணக்குன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா எங்களையும் ஓடவிட்ருப்பீகல்ல?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுவாரம் களத்துக் கதவில் பூட்டுத் தொங்கியது. முதலாளியைக் குறைசொல்ல மாட்டேன். அவர் முன்கூட்டியே சொன்னார், சொன்னபடி செய்தார். உங்களைப்போல இல்லை. செல்வராணியைத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். "கேடயத்தோட வந்திருந்தா நானே ஹாஸ்டல்ல சேத்து ஓடவிட்ருப்பேன் டீச்சர். தோத்துட்டு வந்த பிள்ளைய எதச் சொல்லி வச்சிருக்க?" என்று அவள் அப்பா கேட்டார். ரெண்டு தங்கம் வாங்கிய பிள்ளை அய்யா அது, தோற்கவில்லை என்றேன். அவர் தலையாட்டினார். பஸ் டிக்கெட் ஏற்கனவே எடுத்தாகிவிட்டது.

நீங்கள் ஏன் செய்தீர்கள் என்பது மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. சொந்த மண்ணில் கேடயம் போய்விட்டால் அடுத்த வருஷம் மைதானம் கிடையாது என்று தாளாளர் சொல்லியிருக்கிறார். மைதானம் இல்லையென்றால் போட்டியே இல்லை. உங்களுக்குப் போட்டி நடந்தாக வேண்டும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே விட்டுக்கொடுத்திருப்பேனே என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் அது பொய். விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். குறுக்கே விழுந்து சண்டை போட்டிருப்பேன். அதனால்தான் நீங்கள் சொல்லவில்லை.

போட்டி முடிந்து ஒரு வாரம் கழித்து நீங்கள் போன் செய்தீர்கள். மன்னிப்புத்தான் கேட்கப் போகிறீர்கள் என்று அடுப்பை அணைத்துவிட்டு வந்து எடுத்தேன். "ஏத்தா, ஞாயித்துக்கெழம ஏன் வரல? முறுக்கெல்லாம் நமத்துப்போச்சு" என்றீர்கள். அவ்வளவுதான். அதற்கப்புறமும் எத்தனை முறை பேசினோம்! ஒவ்வொரு முறையும் நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நானாகக் கேட்டால் கேட்டு வாங்கினதாகிவிடும், எனக்கு அப்படி வேண்டாம். நீங்கள் முட்டிவலியைப் பற்றிச் சொன்னீர்கள், கிரிக்கெட்டைப் பற்றிச் சொன்னீர்கள். பிறகு ஒருநாள் படுத்தீர்கள், எழுந்திருக்கவே இல்லை.

சாவுக்கு வந்தேன். உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா எப்பவும் ஒங்க பேச்சுத்தான் அத்தை" என்றாள். "என்னத்தா சொன்னாக?" என்று கேட்டேன். "நீங்க தலைக்கட்டுக் கணக்குச் சொல்லுவீகளாமே, அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக" என்றாள். அவளும் அழுதுகொண்டே சிரித்தாள். நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பார்த்தவர்கள் கல்நெஞ்சுக்காரி என்று பேசிக்கொண்டார்களாம், பேசட்டும்.

இந்தத் தை மாதம் குழுவில் உங்கள் இடத்தில் என்னை உட்காரவைத்தார்கள். எப்படி எண்ணுவது என்று கேட்டார்கள். மொத்தத்தை வைத்தே எண்ணுவோம், ஆனால் முதல் விசில் ஊதும் முன்னால் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட வேண்டும் என்றேன். இந்த முறை எங்கள் அணியில் ஓடத் தெரிந்த, ஓட ஆசைப்பட்ட அத்தனை பிள்ளைகளும் இருந்தார்கள். கண்மாய்க் கரையில் ஓடிப் பழகியவர்கள்.

அன்று காலை அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார். "மறைந்த நம் ஆச்சி அவர்கள் வகுத்துத் தந்த உயர்ந்த நெறிப்படி, தங்கமும் வெண்கலமும் சமம்! ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தலைக்கட்டு!" என்று முழங்கினார். ஜனங்கள் கைதட்டினார்கள். சிலர் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

என் பிள்ளைகளின் கேடயம் போயிற்று, களம் போயிற்று, செல்வராணி போனாள். மிச்சமிருந்த என் சொல்லும் உங்கள் பெயருக்குப் போய்விட்டது. விறுவிறுவென்று மேடைக்குப் போய் மைக்கை வாங்கினேன். இது ஆச்சி வகுத்த நெறி இல்லை, அன்றைக்கு நடந்தது என்னவென்று சொல்லட்டுமா என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. எதிரே முதல் ஓட்டத்துக்குப் பிள்ளைகள் கோட்டில் குனிந்து நின்றார்கள். கைதட்டலை நிஜமென்று நம்பி ஓட வந்தவர்கள்.

"இதான் கணக்கு. ஓடுறதுக்கு முன்னாடியே சொல்லிட்டோம். ஓடி முடிச்சப்புறம் இத யாரு வந்தும் மாத்த முடியாது, எல்லாரும் கேட்டுக்கங்க" என்றேன். அன்றைக்குப் பந்தலில் இருந்தவர்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

உங்கள் பெயரைச் சொல்லவில்லை, ஆச்சி. என்னால் உங்களுக்குக் கொடுக்க முடிந்த மரியாதை அவ்வளவுதான்.