பூஜையில் இருந்த சுருள்

செப்டம்பர் 22, 2008. திங்கள்

இன்றும் ஒழுகிவிட்டது.

விஜி அக்கா வாசலில் செருப்பை உதறிய விதத்திலேயே தெரிந்துவிட்டது. சாயா வேண்டாம் என்றாள். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

அக்கா எம்.டெக். கடைசி வருஷம். அவளுடைய புராஜெக்ட் ஒரு சிப். கம்ப்யூட்டர் சிப் இல்லை. ஒரு கண்ணாடித் துண்டு, அதன்மேல் ஒட்டிய தெளிவான ரப்பர் பாளம். பாளத்தின் அடிப்பக்கம் கொசுவர்த்திச் சுருள் மாதிரி ஒரு கால்வாய், தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் அகலம். அதற்குள் இரத்தத்தை நீர்க்கவைத்து வேகமாகச் செலுத்தினால் பெரிய அணுக்கள் ஒரு ஓரமாகவும் சின்ன அணுக்கள் இன்னொரு ஓரமாகவும் பிரிந்து, கடைசியில் வேறு வேறு குழாய் வழியாக வெளியே வரவேண்டும்.

வரவேண்டும்! ஆனால் பம்பை வேகமாக்கினால் ரப்பர் கண்ணாடியை விட்டு விலகி ஒழுகுகிறது. இதுவரை செய்த எல்லாமே அப்படித்தான்.

செப்டம்பர் 24, புதன்

பெரிய அணு எந்தப் பக்கம் போகும் என்று அக்கா கேட்டாள். வெளிப்பக்கம் என்றேன். இங்கே கொச்சியில் தோப்பும்படி வளைவில் பஸ் திரும்பும்போது எல்லோரும் வெளிப்பக்கம்தானே சாய்கிறோம்?

"தப்பு. உள்பக்கம். சுவர் தள்ளும், தண்ணி உள்ளுக்குள்ளயே சுத்தும். ரெண்டும் சேந்து பெருச உள்பக்கம் கொண்டு நிறுத்திரும். உன் பஸ்ஸுக்குள்ள தண்ணியா ஓடுது?"

இதில் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. சாதாரணமாக எது எந்த அணு என்று தெரிய சாயம் ஏற்றுவார்களாம், மினுங்குகிற ஏதாவது ஒட்டவைப்பார்களாம். அதிலேயே சில அணுக்களின் குணம் மாறிவிடும். சில செத்தும்போகும். அக்காவின் சுருளில் யாரும் அவற்றைத் தொடுவதில்லை. உள்ளே எப்படிப் போனதோ அப்படியே வெளியே வரும்.

செப்டம்பர் 30, செவ்வாய்

கைடு சார் கெடு சொல்லிவிட்டார். அக்கா அவர் குரலில், அவர் மலையாளத்திலேயே சொல்லிக் காட்டினாள்: "விஜி, பதிமூன்னாம் தீயதி ரிவ்யூ. அதினு முன்பு ஓடியில்லெங்கில் நமுக்கு வேறெ டாபிக் நோக்காம், கேட்டோ."

பதிமூன்றாம் தேதிக்குள் சிப் ஓடாவிட்டால் வேறு டாபிக். வேறு டாபிக் என்றால் முதலிலிருந்து. ஜனவரியில் பெங்களூரில் ஒரு லேபில் அக்காவுக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறார்கள், இந்தச் சுருளுக்காகத்தான். சுருள் இல்லையென்றால் அந்த இடமும் இல்லை.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

ஒழுகிவிட்டது.

அக்டோபர் 7, செவ்வாய்

இன்று பூஜைவைப்பு, புத்தகங்களை சரஸ்வதிக்கு முன்னால் அடுக்கி வைக்கிற நாள். ஸ்கூல் கிடையாது, நாளை மறுநாள் காலைவரை எதையும் படிக்கக்கூடாது. (இந்த நோட்டை மட்டும் பூஜையில் வைக்கவில்லை. டைரி எழுதுவது படிப்பில் சேருமா? சேராது என்று முடிவு செய்துவிட்டேன்.)

மத்தியானம் அக்கா புதுசாக ஒட்டிய இரண்டு சிப்புகளோடு வந்தாள். பக்கத்து டிபார்ட்மெண்டில் இருக்கிற மெஷின் இன்று அரை மணி நேரம்தான் கிடைத்ததாம். அதில் வைத்தெடுத்தால்தான் ரப்பரும் கண்ணாடியும் ஒட்டும். சிப்புகளை டிஷ்யூவில் சுற்றி ஒரு கவரில் போட்டு மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நாளை லீவுதான், ஆனால் சார் லேப் சாவியைக் கொடுத்திருக்கிறார்.

அம்மா புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "ஏளா ஸ்வர்ணா, இந்தக் கவரு அக்கா படிப்புச் சாமான்தானே?"

ஆமாம் என்றேன். படிப்புச் சாமான்தானே!

அம்மா அதை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தாள். மேலே அக்காவின் செங்கல் மாதிரி புத்தகங்கள், அதன்மேல் என்னுடையவை, அப்பாவின் கார்ப்பரேஷன் அடையாள அட்டை, உச்சியில் சரஸ்வதி படம். பக்கத்தில் விளக்கு.

அக்டோபர் 8, புதன்

காலையில் ஒரே சண்டை.

"என் சிப்பு எங்க? ஸ்வர்ணா, மேஜைல கவரு இருந்துச்சே?"

நான் பூஜையைக் காட்டினேன். அக்கா முகம் வெளுத்துவிட்டது. "அடியிலயா? அத்தனை பாரத்துக்கும் அடியிலயா? எம்மா, சுருள் சப்பையாப் போயிருக்கும்மா! இன்னிக்கு நான் ஓட்டிப் பாக்கணும்!"

"பூஜைக்கு வச்சத இடையில எடுக்கப்பிடாது."

"அது புஸ்தகம் இல்லம்மா."

அப்பா பல் விளக்கிக்கொண்டே சொன்னார்: "கீழ்வீட்டு ஆட்டோக்காரன் ஆட்டோவையே பூஜைக்கு வச்சிருக்கான். ரெண்டு நாளு அவன் பஸ்ஸுலதான் போறான். உனக்கு என்னளா?"

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது! பதிமூணாந்தேதி ஓடலைன்னா எல்லாம் போச்சு!"

அப்போதுதான் அப்பாவுக்கே விஷயம் தெரிந்தது. வாயில் பிரஷ்ஷோடு அப்படியே நின்றார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா, "எடுக்கணும்னா எடுத்துக்கோ. நான் ஒண்ணும் சொல்லல" என்று அடுக்களைக்குப் போய்விட்டாள். அம்மா இப்படிச் சொன்னால் அதைவிடப் பெரிய 'கூடாது' கிடையாது.

அக்கா கையை நீட்டினாள். புத்தக அடுக்கைத் தொடுகிற வரைக்கும் கை போனது. எடுக்கவில்லை. உட்கார்ந்து அழுதாள்.

நான் ஏன் 'ஆமாம்' என்றேன்? கேட்டுச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் — குளியலறை எவ்வளவு தூரம்?

அக்டோபர் 9, வியாழன். விஜயதசமி

பூஜை எடுத்ததும் எல்லோரும் அரிசியில் எழுதினோம். நான் தமிழிலும் மலையாளத்திலும் 'அ' எழுதினேன். அக்கா மட்டும் எழுதவில்லை. கவரை எடுத்துக்கொண்டு இட்லியும் தின்னாமல் ஓடினாள்.

மத்தியானம் வரை போன் இல்லை. அப்பா போனை எடுத்து எடுத்து சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தார். அம்மா பாயசத்தை அடிப்பிடிக்க விட்டாள். அம்மா அடிப்பிடிக்க விட்டு நான் பார்த்ததே இல்லை.

மூன்று மணி தாண்டி போன் அடித்தது. அப்பா என்னிடம் கொடுத்துவிட்டார்.

"ஸ்வர்ணா, பம்பு புல் ஸ்பீடு. ஒரு சொட்டுகூட வெளிய வரலடி."

"சப்பையாகலையா?"

"ஆகல. ரெண்டுமே ஆகல." அப்புறம் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அம்மா, "நான் என்ன சொன்னேன்?" என்றாள். அம்மா சொன்னது 'நான் ஒண்ணும் சொல்லல' என்றுதான். ஆனாலும் நான் திருத்தவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

சரஸ்வதியா? அக்கா இல்லை என்கிறாள். இதுவரை அவசரத்தில் ஒட்டின கையோடு பம்பில் மாட்டிவிடுவாளாம். ரப்பரும் கண்ணாடியும் ஒட்டின பிறகும் நேரம் போகப் போகத்தான் பிடி இறுகுமாம். பாரமும் சூடும் இருந்தால் இன்னும் நல்லது. "புஸ்தகம் பாரம், விளக்கு சூடு, அம்மா நேரம்" என்றாள்.

அம்மா காதில் விழும்படி சொல்லவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

டாபிக் போகவில்லை! ஆனால் முழுசாகவும் தப்பவில்லை.

அக்கா தன் இரத்தத்தையே ஓட்டிக் காட்டினாள். பெரிய வெள்ளை அணுக்கள் உள்பக்கக் குழாயில் வந்தன. சார் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவே இல்லையாம். இந்த முறை என்ன மாற்றினாய் என்று கேட்டார். அக்கா மறைக்காமல் பூஜைவைப்பைச் சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். சார் சிரித்து முடித்துவிட்டு, "சரி. இனி தேவி இல்லாதெ ஒண்ணு காணிக்கு" என்றாராம்.

அதாவது தேவி இல்லாமல், வெள்ளிக்கிழமைக்குள் மறுபடி செய்துகாட்டவேண்டும். ஒன்றை ஒட்டின உடனே ஓட்டணும், இன்னொன்றைப் பாரம் வைத்து ஓவனில் இரண்டு நாள் விட்டு ஓட்டணும்.

அம்மாவுக்குக் கோபம். "தேவி இல்லாமயாமே! ஏன், அவுகளுக்கு அவ என்ன கெடுதல் செஞ்சா?"

அக்டோபர் 15, புதன்

கணக்குப் பரீட்சை. பரவாயில்லை. எதுவும் மனதில் ஓடவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

உடனே ஓட்டியது ஒழுகியது. வைத்து ஓட்டியது ஒழுகவில்லை.

ஒன்று ஒழுகியதற்கு வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை. சார் அக்காவின் எதிரிலேயே பெங்களூருக்குப் போன் செய்துவிட்டார். அம்மா நெய்மீன் வாங்கினாள். அக்கா மூன்றாவது தடவை சோறு கேட்டாள்.

அக்டோபர் 18, சனி

அக்கா என்னை லேபுக்குக் கூட்டிப்போனாள். என் விரலில் குத்தி எடுத்த இரத்தம்! மைக்ராஸ்கோப்பில் முதலில் ஒரே கலங்கல். பிறகு சுருளின் கடைசி வளைவில், உள் ஓரமாக, பெரிய பொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை பிடித்துப் போயின. சாயம் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் நான். போதும் என்று அக்கா மூன்று தடவை சொன்ன பிறகுதான் கண்ணை எடுத்தேன்.

எறணாகுளத்தில் போட் ஏறியதும் அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வாய் திறந்திருந்தது. நாங்கள் இறங்கவேண்டிய மட்டாஞ்சேரி ஜெட்டி வந்து மற்ற எல்லோரும் இறங்கிவிட்டார்கள். எழுப்ப எனக்கு மனசு வரவில்லை.

போட்டுக்காரர் வந்து, "மோளே, இறங்ஙுன்னில்லே? இது மடங்ஙிப் போகும் கேட்டோ" என்றார்.

திரும்பிப் போனால் போகட்டும் என்று தலையாட்டினேன். எறணாகுளம் வரை போய்த் திரும்பி வந்தோம். அம்மாவிடம் போட் லேட் என்றோம்.