மூடாத பெட்டியின் முனகல்

கவாசாகி
10 செப்டம்பர் 1987

அன்புள்ள ஹிசாயோ,

உன் அப்பாவை எரியூட்டிய அன்றே நான் ரயிலேறியதில் உன் அம்மாவுக்கு இன்னும் கோபம் ஆறியிருக்காது. என்ன செய்வேன்? ஆடியோ கண்காட்சி நெருங்குகிறது. ஆம்ப்ளிஃபயருக்குச் சுத்தமான மின்சாரம் தரவேண்டிய ஷண்ட் ரெகுலேட்டர் என் உயிரை வாங்குகிறது. நீ இருந்தவரை வாயே திறக்காத பெட்டி, நீ ஊருக்குப் போனதிலிருந்து 'ம்ம்ம்' என்று முனகுகிறது. டிரான்ஸ்ஃபார்மரை மாற்றிப் பார்த்துவிட்டேன். மூடியைக் கழற்றி, ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே வைத்து, பூதக்கண்ணாடியால் துழாவுகிறேன். ஒன்றும் அகப்படவில்லை. உன் காது இல்லாமல் எனக்குக் கை ஒடிந்த மாதிரி இருக்கிறது.

நாற்பத்தொன்பதாம் நாள் அஸ்தி அடக்கத்துக்குக் கட்டாயம் வருவேன்.

உன்
யசுஹிகோ

சுவா
21 செப்டம்பர்

அன்புள்ள உங்களுக்கு,

அம்மா தினமும் அஸ்திக்கு முன்னால் சோறு வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். நேற்று கேட்டேவிட்டாள்: "உன் வீட்டுக்காரருக்கு உடம்பெல்லாம் காதாடி? நீ அழுதது மட்டும் எப்படிக் கேக்காமப் போச்சு?"

"வருவாரும்மா" என்றேன்.

முனகினால் முனகிவிட்டுப் போகட்டும். அக்டோபர் ஏழு காலையில் வந்து என் பக்கத்தில் நின்றால் போதும். சாப்பிடாமல் வேலை செய்யாதீர்கள்.

ஹிசாயோ

கவாசாகி
4 அக்டோபர்

அன்புள்ள ஹிசாயோ,

கோபிக்காதே. வர முடியாது. பதினொன்றாம் தேதி கண்காட்சிக்குப் பெட்டியை எடுக்க ஆள் வருகிறது. உனக்குத்தான் தெரியுமே, இசைக்குப் போக மிஞ்சுகிற மின்சாரத்தையெல்லாம் தானே விழுங்கிச் சூடாகிற ஜாதி இது. அடுப்பாய்க் கொதிக்கிறது, முனகல் மட்டும் குறையவில்லை. பைத்தியம் பிடித்துவிடும்போல் இருக்கிறது. மாமா என்னை மன்னிப்பார்.

யசுஹிகோ

சுவா
8 அக்டோபர்

அன்புள்ள உங்களுக்கு,

அப்பாவை அடக்கம் செய்தாயிற்று. நல்ல மழை. என் பக்கத்தில் வேறு யாரையும் நிற்கவிடவில்லை.

பெட்டியில் கோளாறு இல்லை. மின்னழுத்தத்தை நிலையாக வைக்க நீங்கள் பொருத்திய சிவப்பு எல்.இ.டி.கள் மேல் வெளிச்சம் பட்டால், அவையே கொஞ்சம் மின்சாரம் சுரக்கும். ட்யூப்லைட்டின் துடிப்பு அந்த வழியாக உள்ளே போகிறது. நீங்கள் கவனித்ததில்லை; என் கை நிழல் விழுந்தபோதெல்லாம் முனகல் தணிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்போம் என்பேன். இரண்டு தடவை காரணமும் சொன்னேன். "ம்" என்றீர்கள்.

உங்கள் முதல் கடிதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதியிருந்தால் வந்திருப்பீர்கள். முனகல் நின்றதால் வருகிறவர் எனக்கு வேண்டாம். முனகலோடு வருகிறாரா என்று பார்த்தேன்.

விவாகரத்துத் தாளில் என் பெயர் முத்திரையைக் குத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். உங்களுடையதையும் குத்திவிடுங்கள். குளிர்காலப் போர்வை மேல் அலமாரியில் இருக்கிறது.

ஹிசாயோ

கவாசாகி
11 அக்டோபர்

ஹிசாயோ,

மூடியைப் போட்டேன். நின்றுவிட்டது. இத்தனை வருஷமும் இந்த அமைதிக்குத்தான் ஆசைப்பட்டேன். இப்போது பயமாக இருக்கிறது.

பெட்டியை எடுக்க வந்தவரிடம் தர முடியாது என்றேன். "என்ன சார், இன்னும் சத்தம் வருதா?" என்றார். "இல்லீங்க, நின்னுடுச்சு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

முத்திரை மேசைமேல் இருக்கிறது. குத்தக் கை வரவில்லை. இரண்டு தடவை சொன்னேன் என்று எழுதியிருக்கிறாய். எவ்வளவு யோசித்தும் ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. இன்னும் ஒரே ஒரு முறை சொல்லேன், கேட்கிறேன்.

மறுபடி மூடியைக் கழற்றி, ட்யூப்லைட்டைப் போட்டிருக்கிறேன். வீட்டில் அதுவாவது முனகிக்கொண்டிருக்கட்டும்.

யசுஹிகோ